கல்லூரிக் கற்பித்தல் திட்டங்களுக்கு நிதி கேட்பது எப்படி? தென்னாப்பிரிக்கத் தமிழ் ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜொகனஸ்பர்க் என்று பல ஊர்களில் பல்கலைக்கழகங்களிலும் தொழிற்கல்லூரிகளிலும் தமிழர்கள் பாடம் நடத்துகிறார்கள். சிலர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். சிலர் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்கு வந்தவர்கள். கற்பித்தல் நல்கை விண்ணப்பங்களைப் படித்து மதிப்பிடும் குழுக்களில் நான் இருந்திருப்பதால், நண்பர்களும் இளைய ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் உண்டு. அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நல்ல ஆசிரியர்களின் நல்ல யோசனைகள், எழுதிய விதத்தால் மட்டுமே தள்ளப்படுவதைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆராய்ச்சி நல்கையும் கற்பித்தல் நல்கையும் ஒன்றுதானே?

இல்லை. என்.ஆர்.எஃப். எனப்படும் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு எழுதிப் பழகியவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். ஆராய்ச்சி விண்ணப்பத்தில் புதிய அறிவு என்ன கிடைக்கும் என்று கேட்பார்கள். கற்பித்தல் விண்ணப்பத்தில், உங்கள் மாணவர்களால் இப்போது செய்ய முடியாத எதை நாளைக்குச் செய்ய முடியும் என்று கேட்பார்கள். உங்கள் துறையில் நீங்கள் எவ்வளவு பெரிய ஆள் என்பது இங்கே அவ்வளவாக எடுபடாது. முதலாண்டு வகுப்பை உங்களுக்கு எவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதே எடுபடும்.

பணம் எங்கிருந்து வருகிறது? யாரிடம் கேட்பது?

அரசுப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கு முக்கியமான ஊற்று யூ.சி.டி.ஜி. எனப்படும் பல்கலைக்கழகத் திறன் மேம்பாட்டு நல்கை. முன்பு கற்பித்தலுக்கு ஒன்று, ஆராய்ச்சிக்கு ஒன்று என்று தனித்தனி மேம்பாட்டு நல்கைகள் இருந்தன. 2018 முதல் இரண்டையும் இணைத்து உயர்கல்வித் துறை இதை நடத்துகிறது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் மூன்றாண்டுத் திட்டம் ஒன்றைத் துறையிடம் கொடுக்கிறது. 2018 முதல் 2020 வரை முதல் சுற்று, 2021 முதல் 2023 வரை இரண்டாவது, 2024 முதல் 2026 வரை மூன்றாவது. மாணவர் வெற்றி, ஆசிரியர் மேம்பாடு, பாடத்திட்ட மேம்பாடு ஆகியவையே அதன் முக்கியப் பகுதிகள்.

இதில் கவனிக்க வேண்டியது, தனி ஆசிரியராக நீங்கள் பிரிட்டோரியாவிலுள்ள உயர்கல்வித் துறைக்கு நேரடியாக விண்ணப்பம் அனுப்புவதில்லை. உங்கள் பல்கலைக்கழகத்தின் கற்றல் கற்பித்தல் அலுவலகம் உள்ளுக்குள் விடுக்கும் அழைப்புக்குத்தான் எழுதுகிறீர்கள். அதனால், நடப்பு மூன்றாண்டுத் திட்டத்தில் உங்கள் பல்கலைக்கழகம் என்னென்ன செய்வதாகச் சொல்லியிருக்கிறது என்பதை அந்த அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்கள் யோசனை அதில் எந்த வரியின் கீழ் வரும் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டால், படிப்பவருக்குப் பாதி வேலை குறையும்.

தொழிற்கல்லூரிகளில், அதாவது டிவெட் கல்லூரிகளில், இருப்பவர்களுக்குச் சீட்டா எனப்படும், தொழில்துறை வாரியான கல்வி பயிற்சி ஆணையங்கள் உண்டு. நிறுவனங்கள் தங்கள் சம்பளப் பட்டியலில் 1 சதவீதம் செலுத்தும் திறன் மேம்பாட்டு வரியின் பெரும்பகுதி இவற்றுக்குப் போகிறது. கல்வித் துறைக்குத் தனிச் சீட்டா இருக்கிறது. பொறியியல், நலவாழ்வு போன்றவற்றுக்கும் தனித்தனியே இருக்கின்றன. மாணவருக்கு வேலைத்தளப் பயிற்சி தரும் திட்டம் என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்திலும் தென்னாப்பிரிக்கக் கல்வி நிறுவனங்கள் பங்கெடுக்கலாம். ஆனால் அது பல நாட்டு நிறுவனங்கள் கூட்டாகச் செய்யும் பெரிய வேலை. முதல் விண்ணப்பமாக அதை எடுக்காதீர்கள்.

எப்போது எழுதத் தொடங்க வேண்டும்?

அழைப்பு வருவதற்கு முந்தைய பருவத்திலேயே. அழைப்பு வந்தபின் கையில் இருப்பது சில வாரங்கள்தான். அதற்குள் துறைத்தலைவர் கையெழுத்து, டீன் கையெழுத்து, நிதிப்பிரிவின் ஒப்புதல் எல்லாம் வாங்க வேண்டும். ஜூன் தேர்வுத்தாள் திருத்தும்போதே பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, எந்தக் கேள்வியில் எப்படிப்பட்ட பிழை வருகிறது என்று குறித்து வாருங்கள். விண்ணப்பத்தில் வேறு யாரும் உங்களுக்குத் தர முடியாத பகுதி அந்த நோட்டில்தான் இருக்கும்.

பிரச்சினையை எப்படி எழுதுவது? எல்லோரும் இதில்தான் தடுமாறுகிறோம்.

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் விண்ணப்பத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மாணவர் எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறார் என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிட்டால், குறிக்கோள், செயல்முறை, பட்ஜெட், மதிப்பீடு எல்லாம் அதிலிருந்தே பிறக்கும். அது மங்கலாக இருந்தால் மற்றவை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நிற்காது.

குழுவிடம் வரும் பெரும்பாலான விண்ணப்பங்கள் ‘முதலாண்டு வேதியியலில் தேர்ச்சி விகிதம் குறைவாக உள்ளது, ஆகவே நவீன முறைகள் தேவை’ என்று ஆரம்பிக்கும். இது எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் எந்தப் பாடத்துக்கும் பொருந்தும். அதனாலேயே படிப்பவர் மனதில் எதுவும் பதியாது.

இப்படி எழுதினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். மோல் கணக்குச் சூத்திரத்தை நேரடியாகக் கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் சரியாகச் செய்கிறார்கள். அதே கணக்கை நான்கு வரி ஆங்கில வாக்கியமாகக் கொடுத்தால், எது தெரிந்தது, எது கண்டுபிடிக்க வேண்டியது என்று பிரிப்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். கடந்த இரண்டு ஆண்டு விடைத்தாள்களில் இந்தக் கேள்வியைத் தொடாமலே விட்டவர்கள் இத்தனை பேர், தொடங்கிவிட்டு முதல் படியிலேயே நிறுத்தியவர்கள் இத்தனை பேர். உங்கள் உண்மையான எண்களை அந்த இடத்தில் போடுங்கள். இப்போது பிரச்சினை வேதியியல் ‘வரவில்லை’ என்பதல்ல. வாக்கியத்தைக் கணக்காக மாற்றும் படி வரவில்லை என்பது. தீர்வு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் தானாகவே தெரிகிறது.

ஆதாரத்துக்கு எங்கெங்கே போகலாம்? விடைத்தாள்கள், மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் யார் எந்தப் பயிற்சியை எந்த வாரத்தில் திறந்தார்கள் என்ற பதிவு, டியூட்டோரியல் வருகை, பாடத்தைப் பாதியில் விட்டவர்களின் பட்டியல். இவை எல்லாம் ஏற்கெனவே உங்கள் நிறுவனத்தில் இருப்பவை. நிறுவனத் திட்டமிடல் பிரிவில் கேட்டால், மாணவர் வந்த பள்ளியின் குவின்டைல் (சுற்றுவட்டார ஏழ்மையை வைத்துப் பள்ளிகளை ஐந்தாகப் பிரிக்கும் அரசு வரிசை, 1 மிக ஏழ்மையானது) வாரியாகவும் பிரித்துக் கிடைக்கலாம். 1 முதல் 3 வரை உள்ள குவின்டைல் பள்ளிகள் கட்டணம் இல்லாதவை. அங்கிருந்து வந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் எந்தப் படியில் இடைவெளி அதிகம் என்று காட்ட முடிந்தால், நாட்டின் உயர்கல்வி எந்தக் கவலையைச் சுமக்கிறதோ அதே கவலையை உங்கள் விண்ணப்பமும் பேசும்.

‘மாணவர்கள் தயாராகாமலே வருகிறார்கள்’ என்று எழுதலாமா? அது உண்மைதானே?

எழுதாதீர்கள். அதைப் படிக்கும் குழுவில் இருப்பவர்களில் சிலர் அதே பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். அதைவிட முக்கியம், அந்த வாக்கியம் உங்கள் கையை நீங்களே கட்டிக்கொள்வது. குறை பள்ளியில் என்றால், பல்கலைக்கழகத்துக்கு எதற்குப் பணம்?

டர்பன் இருக்கும் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் பெரும்பாலான மாணவர்களின் வீட்டு மொழி இசிசூலு. பலரும் ஆங்கிலத்தைக் கூடுதல் மொழியாகப் படித்து மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடித்து வருகிறார்கள். ஆனால் அவர்கள் இரண்டு மூன்று மொழிகளில் யோசித்துப் பேசக்கூடியவர்கள். அந்தத் திறமையை வகுப்பில் எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். உயர்கல்வி நிறுவனங்களுக்கான மொழிக் கொள்கைக் கட்டமைப்பு 2020-இல் வெளியானதிலிருந்து, ஆப்பிரிக்க மொழிகளைக் கற்பித்தலில் பயன்படுத்தும் முயற்சிகளுக்குக் கவனம் கூடியிருக்கிறது. இசிசூலு பேசும் மூத்த மாணவர்களை டியூட்டர்களாக வைத்து இருமொழியில் விளக்கும் யோசனைக்கு இங்கே நல்ல இடம் உண்டு.

குறிக்கோள்கள் எத்தனை வைக்கலாம்?

இரண்டு அல்லது மூன்று. ‘விழிப்புணர்வு ஏற்படுத்துதல்’, ‘ஊக்குவித்தல்’ போன்றவற்றை அடித்துவிடுங்கள். பருவ முடிவில் மாணவர் என்ன செய்து காட்டுவார் என்று ஒரு வினைச்சொல்லோடு முடியட்டும்.

டேப்லெட், லேப்டாப், மென்பொருள் வாங்கப் பணம் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் அதையே திட்டமாக ஆக்காதீர்கள். ‘நாற்பது டேப்லெட் வாங்கப்படும்’ என்பது கொள்முதல். அந்த டேப்லெட்டில் மாணவர் எந்த வாரம் எதைச் செய்வார், அதைக் காகிதத்தில் செய்ய முடியாதது ஏன், மூன்றாம் ஆண்டில் பழுதானால் யார் பார்ப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் இருந்தால் கேளுங்கள். என் அனுபவத்தில், இரண்டாவது கேள்வியிலேயே பாதிப் பேர் டேப்லெட்டைக் கைவிட்டு டியூட்டர் மணிநேரத்தைக் கேட்கத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் அதுதான் நல்ல முடிவு. மனிதர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குவதற்கு ஈடான கருவி முதலாண்டு வகுப்புக்கு இன்னும் வரவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

பட்ஜெட்டில் என்ன பார்ப்பார்கள்?

ஒவ்வொரு தொகையும் எப்படி வந்தது என்பதை. ‘டியூட்டர்கள்: 40,000 ராண்ட்’ என்று மட்டும் போட்டால் சந்தேகம் வரும். இப்படிக் காட்டுங்கள்: 300 மாணவர்கள், குழுவுக்கு 20 பேர், ஆக 15 குழுக்கள். குழுவுக்கு வாரம் 2 மணி நேரம், 12 வாரம் என்றால் 360 மணி. ஒரு டியூட்டர் 3 குழுக்களைப் பார்த்தால் 5 டியூட்டர்கள் வேண்டும். ஆளுக்கு 8 மணி நேரப் பயிற்சி என்றால் இன்னும் 40 மணி. மொத்தம் 400 மணி. கணக்குக்கு மணிக்கு 100 ராண்ட் என்று வைத்தால் 40,000 ராண்ட். இப்போது யாராவது தொகையைக் குறைக்க நினைத்தாலும், எத்தனை மாணவர்களைக் கைவிடுகிறோம் என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியும். மணிநேர விகிதத்தை நீங்களாக நிர்ணயிக்க முடியாது. மனிதவளப் பிரிவில் கேட்டு எழுதுங்கள். திருத்தும் நேரத்துக்கும் சம்பளம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

பொருள் வாங்கினால் 15 சதவீத வாட் சேர்த்த விலையா என்று பாருங்கள். வெளிநாட்டு மென்பொருள் உரிமம் டாலரில் வரும். ராண்ட் மதிப்பு ஏறி இறங்குவதால் அதற்குக் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். உங்கள் சொந்த நேரத்துக்கும் கணக்கு வேண்டும். வேறு யாராவது உங்கள் ஒரு வகுப்பை எடுக்க வேண்டியிருந்தால் அந்தச் செலவைத் தயங்காமல் கேளுங்கள். தயங்கியவர்கள் இரவில் உட்கார்ந்து திட்டத்தை நடத்தி, அடுத்த ஆண்டு விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம், உங்கள் துறை தன் பங்குக்கு என்ன தருகிறது என்பதையும் காட்டுங்கள். அறையாகவோ, கணினிக்கூட நேரமாகவோ, ஒரு எழுத்தரின் அரை நாளாகவோ இருக்கலாம். இந்த மண்ணில் இது புதிதும் அல்ல. நேட்டாலில் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டியபோது, சமூகம் ஒரு பவுண்டு சேர்த்தால் அரசு ஒரு பவுண்டு தரும் என்ற ஏற்பாட்டில்தான் எத்தனையோ இந்தியப் பள்ளிகள் எழுந்தன. சொந்தக் கையிலிருந்து எதையாவது வைப்பவர்மேல் பணம் தருபவருக்கு நம்பிக்கை வருவது அன்றும் இன்றும் ஒன்றுதான்.

திட்டம் வெற்றி என்று எப்படி நிரூபிப்பது? சென்ற ஆண்டுத் தேர்ச்சியோடு ஒப்பிட்டால் போதாதா?

போதாது. இந்த ஆண்டுத் தாள் எளிதாக இருந்திருக்கலாம். மாணவர் சேர்க்கை மாறியிருக்கலாம். 2020, 2021 ஆண்டுகளில் வீட்டிலிருந்தே எழுதிய தேர்வுகளின் மதிப்பெண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது.

நீங்கள் குறிவைத்த படியை மட்டும் அளக்கும் இரண்டு மூன்று கேள்விகளை, ஆண்டுதோறும் ஒரே கடினத்தில், தேர்வுத்தாளிலேயே வைக்கலாம். பருவத்தின் இரண்டாம் வாரத்திலும் பத்தாம் வாரத்திலும் அதே வகைக் கேள்வியைக் கொடுத்துப் பார்க்கலாம். ஒரு பாதி மாணவருக்கு உதவி கொடுத்து மறு பாதிக்கு மறுப்பது நியாயம் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பிரிவுக்கு முதல் பருவத்திலும் மற்றப் பிரிவுக்கு இரண்டாம் பருவத்திலும் கொடுத்தால் எல்லோருக்கும் கிடைக்கும், ஒப்பீடும் கிடைக்கும். மாணவர்களிடம் பேசிக் கருத்துக் கேட்பதாக இருந்தால், மதிப்பெண் போடும் ஆசிரியர் அந்த அறையில் இருக்கக் கூடாது. வேறு துறை ஆள் கேட்கட்டும்.

பயன் இல்லை என்று தெரிந்தால் அதையும் அறிக்கையில் சொல்வோம் என்று எழுதுங்கள். நேர்மையான மதிப்பீட்டுத் திட்டத்தைப் பார்த்தால் குழுவினர் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவையா?

வகுப்பை மேம்படுத்திக்கொள்ள மட்டும் என்றால் சில இடங்களில் வேண்டியதில்லை. கட்டுரையாகவோ மாநாட்டு உரையாகவோ வெளியே கொண்டுபோகப் போகிறீர்கள் என்றால் கட்டாயம் வேண்டும், தரவு திரட்டும் முன்பே வேண்டும். பின்னால் வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு இடமே இல்லை. சொந்த மாணவர்களையே ஆய்வு செய்வதால் பதிவாளரின் அனுமதிக் கடிதமும் கேட்பார்கள். போப்பியா எனப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. மாணவர் எண், மதிப்பெண் ஆகியவற்றை யார் வைத்திருப்பார், எங்கே, எவ்வளவு காலம் என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

இடையூறுகள் என்ற பகுதியில் என்ன எழுதுவது?

நடந்தவற்றை எழுதுங்கள். 2023-இல் லோட்ஷெட்டிங்கால் தினமும் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் வகுப்பு நடத்தியிருக்கிறோம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் சாலைகளும் குடிநீர்க் குழாய்களும் அடித்துச் செல்லப்பட்டன. ஆண்டுத் தொடக்கத்தில் அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்ஸ்ஃபாஸின் உதவித்தொகை தாமதமானால் தங்குமிடம் இல்லாமல், புத்தகம் இல்லாமல் மாணவர்கள் வருவார்கள். போராட்டம் நடந்தால் வகுப்பே நிற்கும். ஆகவே ‘பன்னிரண்டு வாரத்தில் இரண்டு வாரம் போனால் எந்தப் பகுதியை விடுவோம், எதை விடமாட்டோம்’ என்று சொல்லுங்கள். காணொளிகளைச் சிறிய கோப்பாக வைத்து, டேட்டா அதிகம் செலவாகாமல் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும்படி செய்வோம் என்பதும் இந்தப் பகுதிக்கு உரியதுதான்.

ஆதரவுக் கடிதம் யாரிடம் வாங்குவது?

திட்டத்தில் ஏதாவது செய்யப்போகிறவரிடம். ‘இது மிக நல்ல முயற்சி’ என்று துணைவேந்தரே எழுதினாலும், ‘செவ்வாய்தோறும் இரண்டு மணி நேரம் எங்கள் கூடத்தைத் தருகிறோம்’ என்று ஆய்வகப் பொறுப்பாளர் எழுதும் ஒரு வரிக்கு எடை அதிகம்.

என் ஆங்கிலம் பேச்சில் சரி, எழுத்தில் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்வது?

பெரிய வார்த்தைகளைத் தேடாதீர்கள். குழுவில் வரலாறு, சட்டம், செவிலியம் என்று பல துறையினர் இருப்பார்கள். உங்கள் துறைச் சொற்கள் அவர்களுக்குப் புரியாது. வேறு துறை நண்பர் ஒருவரிடம் திட்டத்தை வாயால் சொல்லுங்கள். அவர் எங்கே குறுக்கிட்டுக் கேள்வி கேட்கிறாரோ அங்கே எழுத்திலும் விளக்கம் வேண்டும். பெரும்பாலான நிறுவனங்களில் எழுத்து ஆலோசனை மையம் இருக்கிறது. ஆசிரியர்களுக்கும் உதவுவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

தமிழ் கற்பிக்கும் திட்டத்துக்கு நிதி கிடைக்குமா?

இந்தக் கேள்வி என் மனதுக்கு நெருக்கமானது, அதனால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, மொழி வாரியம் வளர்க்கவும் மதிக்கவும் வேண்டிய சமூக மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. முன்னாள் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் இந்திய மொழிகள் பாடமாக இருந்தன. 2004-இல் அது நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆனது. இந்த வரலாற்றைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அதை மட்டும் வைத்து யாரும் பணம் தரமாட்டார்கள்.

யார் படிப்பார்கள்? சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் வார இறுதி வகுப்பு நடத்தும் கோயில்களிலும் சங்கங்களிலும் எத்தனை இளைஞர்கள் இருக்கிறார்கள், எத்தனை பேருக்குத் தேவாரம் பாடத் தெரிந்தும் படிக்கத் தெரியாது, அங்கே கற்பிப்பவர்களில் எத்தனை பேருக்குப் பயிற்சி இல்லை என்று கணக்கெடுங்கள். அந்த ஆசிரியர்களுக்குக் கல்வியியல் துறையோடு சேர்ந்து குறுகிய காலச் சான்றிதழ்ப் பயிற்சி என்று கேட்டால், அது ஆசிரியர் மேம்பாடு ஆகிவிடும். கேட்க ஓர் இடம் கிடைக்கும். சங்கத்தின் பெயரில் லாட்டரி ஆணையத்திடம் கேட்பதும் ஒரு வழி. அதற்கு லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு, ஒழுங்கான வங்கிக் கணக்கு, நிதியறிக்கைகள் எல்லாம் கைவசம் இருக்க வேண்டும். பல சங்கங்களில் தொண்டு நிறைய இருக்கிறது, தாள் இல்லை. ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவரைப் பிடித்து முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

நிராகரித்துவிட்டார்கள். இனி?

மதிப்பீட்டாளர் கருத்துகளைக் கேட்டு வாங்குங்கள். தரவில்லை என்றால் அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பேசுங்கள். எழுத்தில் வராதது பேச்சில் வரும். இருவர் ஒரே இடத்தைப் புரியவில்லை என்றால் தவறு எழுத்தில்தான். ஒருவர் மட்டும் வேறுபட்டால் அவ்வளவு கவலை வேண்டாம். அதுவரை, பணம் இல்லாமல் ஒரே ஒரு டியூட்டோரியல் குழுவில் அதைச் செய்து பாருங்கள். அடுத்த சுற்றில் உங்களிடம் யோசனையோடு கொஞ்சம் தரவும் இருக்கும்.

கிடைத்துவிட்டது! முதலில் என்ன செய்ய வேண்டும்?

வாழ்த்துகள். அன்றே நிதிப்பிரிவில் திட்டத்துக்கான கணக்கு எண் கேளுங்கள். அது வரவே வாரக்கணக்கில் ஆகும். அது இல்லாமல் ஒரு பேனாகூட வாங்க முடியாது. அடுத்தது டியூட்டர்களின் ஒப்பந்தம். பிப்ரவரியில் வகுப்பு தொடங்கினால் டிசம்பர் விடுமுறைக்கு முன்பே தாள்கள் மனிதவளப் பிரிவுக்குப் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் ஏப்ரல் வரை சம்பளம் இல்லாமல் வேலை செய்வார்கள். அவர்களும் மாணவர்கள், அவர்களுக்கும் வாடகை இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை செலவுக் கணக்கைப் பாருங்கள். பணம் மிஞ்சும்போல் தெரிந்தால், ஆண்டு இறுதியில் அவசரமாக எதையாவது வாங்காமல், ஆகஸ்டிலேயே எழுத்து மூலம் அனுமதி கேட்டு டியூட்டர் மணிநேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.